கும்பிட்ட குழந்தை

அந்த வீடியோ என்னிடம் வருவதற்கு முன்பே தேங்காய்ப்பட்டணத்திலிருந்து வளைகுடா வரைக்கும் போய்த் திரும்பியிருந்தது. ஐந்து மாதப் பெண் குழந்தை தூங்கி எழுந்து பாயில் கிடக்கிறது. திடீரென்று இரண்டு கைகளும் மேலெழுந்து ஒன்றையொன்று நோக்கி வருகின்றன. தலை மார்பை நோக்கிக் குனிகிறது. ஒரு நொடிதான், உடனே தளர்ந்துவிடுகிறது. சிறிது இடைவெளி, மறுபடியும் அதே குனிவு. படம் பிடித்தவளின் குரல் சந்தோஷத்தில் உடைகிறது: “மாதாவ கும்பிடுது பாருங்க, எனக்க பொன்னு!”

அந்தக் குரலுக்குரியவள் என் முன்னால் உட்கார்ந்திருந்தாள். இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது இருக்கும். மடியில் குழந்தை. அது என்னைப் பார்க்கவில்லை, எதையுமே பார்க்கவில்லை.

“இப்ப சிரிக்க மாட்டேங்குது டாக்டரே. நல்லா சிரிச்சிட்டுக் கெடந்த பிள்ளை.”

பக்கத்தில் அவள் கணவனின் அக்கா. ‘மைனி’ என்று அந்தப் பெண் கூப்பிட்டாள். என் மனதிலும் அவர் அப்படியே பதிந்துவிட்டார். ஐம்பதை நெருங்கும் வயது, விறைப்பான பருத்திச் சேலை, கழுத்தில் ஜெபமாலை. “நான்தான் இழுத்துப் பிடிச்சுக் கொண்டு வந்தேன்” என்றார். “எல்லாரும் பாத்துச் சிரிச்சிட்டு இருக்காங்க. எனக்குக் கண்ட ஒடனே வெப்ராளமா வந்துட்டு, நெஞ்சு பதறிட்டு.”

அந்த அசைவுக்கு மருத்துவப் புத்தகங்களில் இருக்கும் பழைய பெயரே ‘சலாம்’தான். குழந்தைகளுக்கு வரும் வலிப்புகளில் மோசமான ஒன்று, பார்ப்பதற்கு வணக்கம் சொல்வதுபோல இருக்கும். இதைப் பார்த்துத்தான் ஒரு வீடே சந்தோஷப்பட்டிருக்கும்.

நான் குழந்தைகளின் நரம்பு மருத்துவர். அதிலும், பரம்பரையாக வந்து மூளையிலும் நரம்பிலும் கட்டிகளை உண்டாக்கும் நோய்களைத்தான் அதிகம் படித்தேன். வெளியூரில் பெரிய மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்துவிட்டு, அப்பா படுக்கையில் விழுந்தபோது நாகர்கோவிலுக்குத் திரும்பி வந்தேன். அப்பா போன பிறகும் இங்கேயே இருந்துவிட்டேன். இந்த நோய்கள் பெரும்பாலும் தோலில்தான் முதலில் தடயம் விடும். அதனால் என் கண் கெட்டுப்போய்விட்டது. பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் கழுத்து, கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவரின் கை என்று எங்கே போனாலும் தோலைத்தான் பார்க்கும். “ஒருத்தர்ட்ட பேசும்போது மொகத்தப் பாத்துப் பேசு” என்று என் கணவர் பலமுறை கடிந்துகொண்டிருக்கிறார்.

ஜன்னல் திரையை இழுத்து மூடி, விளக்கணைத்து, கையில் பிடிக்கும் ஊதா விளக்கைக் குழந்தையின் மேல் காட்டினேன். தொடையில் ஒன்று, முதுகில் மூன்று நான்கு. இலை வடிவத்தில் வெள்ளைத் திட்டுகள் பளிச்சென்று தெரிந்தன.

“இது எப்ப வந்தது?” தாய் குனிந்து பார்த்தாள். “டெய்லி நான்தான் குளிப்பாட்டுதேன். கண்டதே இல்லியே.”

“சாதாரண வெளிச்சத்துல தெரியாதும்மா. பிறக்கும்போதே இருந்திருக்கும்.”

ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் மூளையிலும் அதே கதைதான். முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன். இது புற்றுநோய் இல்லை. மூளை, இதயம், சிறுநீரகம், தோல் என்று உடம்பின் பல இடங்களில் சின்னச் சின்னக் கட்டிகள் வளரும் நோய். மூளையில் இருப்பவை வலிப்பை உண்டாக்குகின்றன. வலிப்பை உடனே நிறுத்தவில்லை என்றால் குழந்தையின் அறிவு வளர்ச்சி நின்றுபோகும். மருந்து இருக்கிறது. ஆனால் அந்த மருந்து பார்வையின் ஓரங்களைக் கெடுக்கக்கூடும். அதைக் கவனித்துக்கொண்டே கொடுக்கவேண்டும்.

தாய் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். மைனி கேட்டார்: “இது எங்க இருந்து வந்தது?”

“பல குழந்தைகளுக்குப் புதுசாவே வரும். சிலருக்கு அப்பாகிட்டயோ அம்மாகிட்டயோ இருந்து வரும்.”

“இவளுக்க மாமனுக்கு வலிப்பு உண்டு. ஆத்துல விழுந்துல்லா செத்தான். பெண்ணு கேக்கப் போன அன்னே நான் தம்பிகிட்ட சொன்னேன்.”

அந்தப் பெண் குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டாள். இதைப் பலமுறை கேட்டுக் கேட்டுப் பழகியவள். “வலிப்பு நூறு காரணத்தால வரும். பாக்காம சொல்லக்கூடாது” என்றேன். அவளை உள்ளே அழைத்துப்போய் அதே விளக்கில் தலைமுதல் கால்வரை பார்த்தேன். நகம், ஈறு, முதுகு எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒரு குறியும் இல்லை.

குழந்தையின் அப்பா வளைகுடாவில் ஓர் அரபி முதலாளியின் படகில் மீன்பிடிக்கப் போனவர். வீடியோவில் கூப்பிட்டோம். நாலைந்து இரட்டைக் கட்டில்கள் போட்ட அறை, பின்னால் யாரோ மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். தாடி வைத்த, சிரித்த முகமுள்ள மனிதர். சட்டையைக் கழற்றச் சொன்னேன், வெட்கப்பட்டுக்கொண்டே கழற்றினார். முதுகின் கீழ்ப்பக்கம் தோல் ஓரிடத்தில் மட்டும் தடித்து ஆரஞ்சுத் தொலி மாதிரி இருந்தது. மூக்கின் இருபுறமும், தாடிக்கு மேலே கன்னத்தில், சிவப்புப் புள்ளிகள்.

“வேனல் கட்டி டாக்டரே. இங்க உள்ள சூட்டுக்கு எல்லாருக்கும் வரும்.”

“கால் விரலைக் காட்டுங்க.”

கட்டிலில் காலைத் தூக்கி வைத்து போனை அருகில் கொண்டுபோனார். நகங்களின் ஓரத்தில் அரிசிமணி போலச் சதை வளர்ந்திருந்தது, மூன்று விரல்களில்.

“இது கயித்துல ஒரசினதுல்லா? கடல்ல போற ஆளுக காலு எல்லாம் இப்படித்தான் இருக்கும்.” பக்கத்துக் கட்டிலைப் பார்த்து, “லே, ஒனக்க கால இங்க காட்டு” என்றார். கூட்டாளி ஒருவரின் பாதம் திரைக்குள் வந்தது. காய்ப்புக் காய்த்து வெடித்த பாதம்தான். ஆனால் நகங்களின் ஓரம் சுத்தமாக இருந்தது. அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் காலும் சுத்தம். சிரிப்பு அவர் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போனதை நாங்கள் மூவரும் பார்த்தோம்.

“அப்ப எனக்கிட்ட இருந்துதானா?”

“இது யாரும் கொடுத்து வாங்குறது இல்ல. உங்களுக்கே இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது.”

“எனக்கு ஒண்ணும் செய்யலியே. நான் கடல்ல போறேன், வாறேன். பிள்ளைக்கு மட்டும் ஏன் இப்படி?”

இந்த நோயில் என்னை எப்போதும் வதைக்கும் கேள்வி அதுதான். ஒரே குறை, ஒரே குடும்பம். ஒருவர் எழுபது வயதுவரை தெரியாமலே வாழ்ந்து முடிக்கிறார். அவர் பிள்ளை பேசாமல், நடக்காமல் கிடக்கிறது. ஏன் என்று எனக்கும் முழுதாகத் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது மைனி தன் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துச் சேலையால் மூடிக்கொள்வதைக் கண்டேன். அவர் என் கண்ணைப் பார்த்தார். அவர் கால் நகங்களின் ஓரத்திலும் அதே அரிசிமணிகளை நான் பார்த்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரிந்தது.

குழந்தையின் தாய் எங்கள் இருவரையும் கவனிக்கவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள். “அவருகிட்ட இப்ப சொல்லியிருக்க வேண்டாம் டாக்டரே. நாளைக்குக் கடலுக்குப் போற ஆளு” என்றாள். தன் தலையிலிருந்து பழி இறங்கிவிட்டதை அவள் அன்று யோசிக்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

குழந்தையை அன்றே சேர்த்துக்கொண்டோம். மருந்து வேலை செய்தது. சில வாரங்களில் கும்பிடுவது நின்றது. சிரிப்பும் வந்தது, ஆனால் தாமதமாக, முன்பு போலக் கண்ணைப் பார்த்து அல்ல, காற்றாடியைப் பார்த்து. மருத்துவமனையில் அந்த நாட்களில் ஒருமுறை மைனியைத் தனியாக அழைத்துப் பேசினேன்.

“உங்களையும் ஒருதடவை பாத்துடலாமே. ரத்தப் பரிசோதனையும் ஒரு வயித்து ஸ்கேனும்தான்.”

“எனக்கு ஒரு கொறையும் இல்ல.”

“உங்களுக்கு இல்லாம இருக்கலாம். உங்க பிள்ளைங்க?”

“எனக்கு ஒரு மவதான். அவளுக்குக் கல்யாணம் ஒறச்சாச்சு. கோயில்ல ஓலை வாசிக்கத் தொடங்கியாச்சு.” திருமண அறிவிப்பை ஞாயிறு பூசையில் வாசிப்பதைச் சொன்னார். “இந்த நேரத்துல ஆசுவத்திரி, ரெத்தம், ஸ்கேன்னு நான் நடந்தா ஊரு என்ன பறையும்? எனக்க பிள்ளைக்க வாழ்க்கைய நீங்க கெடுத்துடப்பிடாது.”

“கல்யாணத்த நிறுத்தச் சொல்லல. ஒரு குழந்தை உண்டாகறதுக்கு முன்னால அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சா வழி இருக்கு.”

அவர் எழுந்துகொண்டார். “நீங்க அந்தப் பிள்ளைய மட்டும் பாருங்க டாக்டரே.”

குழந்தையின் அப்பாவிடமும் போனில் சொன்னேன்: உங்கள் அக்காவும் அவர் மகளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும், நீங்கள்தான் சொல்ல முடியும். அவருக்குப் புரிந்தது. “கல்யாணம் முடியட்டு, நான் சொல்லுதேன்” என்றார். நானாக மைனியின் மகளைத் தேடிப்போய்ச் சொல்ல முடியாது. அவள் என்னிடம் வைத்தியத்துக்கு வந்தவள் இல்லை. அவள் அம்மாவும் இல்லை. விதி அப்படி. அந்த விதி சரியானது என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். இன்றைக்கும் சரியானது என்றுதான் நினைக்கிறேன்.

நாகர்கோவிலில் துணிக்கடை ஒன்றில், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை, இருவரையும் சேர்த்தே பார்த்தேன். மைனியும் மகளும் பட்டு விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மைனி என்னைக் கண்டதும் திகைத்தார். மகள் கேட்டாள், “யாரும்மா?” வேறு வழியில்லாமல், “மாமாவுக்க பிள்ளைய பாக்குத டாக்டரு” என்றார்.

அவள் எழுந்து நின்றாள். படித்த பெண், களையான முகம், கல்யாணக் கலகலப்பு. “டாக்டர், ஒரு டவுட்டு. நீங்க ஸ்கின் டாக்டர் இல்லன்னு தெரியும்” என்று சிரித்தபடி மூக்கின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள். “இந்தப் பரு எத்தன வருசமா கெடக்கு. என்ன தேச்சாலும் போவல. கல்யாணத்துக்கு முன்ன போக்க ஏதாவது க்ரீம் உண்டா?”

கடையின் வெள்ளை விளக்கில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பரு இல்லை, அவள் மாமாவின் முகத்தில் கண்ட அதே சிவப்புப் புள்ளிகள். மைனியின் கை என் முழங்கையைப் பிடித்தது. இறுக்கிப் பிடித்தது.

“க்ரீம் கொடுக்கறதுக்கு முன்னால பாக்கணும்” என்றேன். “க்ளினிக்குக்கு வாங்க. கல்யாணத்துக்கு முன்ன முடியலன்னா பிறகாவது கண்டிப்பா வாங்க. வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க.”

“பருவுக்கு வீட்டுக்காரரு எதுக்கு?” அவள் கலகலவென்று சிரித்தாள். கடைக்காரரும் சிரித்தார். நான் என் வீட்டுக்காரருக்கு எடுக்க வந்த வேட்டியை எடுக்காமலே திரும்பினேன்.

அவள் வரவில்லை. குழந்தையின் தாய் ஒவ்வொரு தடவை வரும்போதும் கேட்பேன். கல்யாணம் நல்லபடியாக நடந்தது என்றாள். மாப்பிள்ளை வீடு குலசேகரம் பக்கம், ரப்பர்த் தோட்டம் உள்ளவர்கள். குழந்தையின் அப்பா லீவில் வந்தபோது அக்காவிடம் பேசப்போனார், உன் காலிலும் அதுதான் என்றார், அக்கா அழுது, சண்டை போட்டு, கடைசியில் வீட்டுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் மனசு ஒடிந்து திரும்பக் கடலுக்குப் போய்விட்டார். குழந்தை அப்போது உட்காரத் தொடங்கியிருந்தது. ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மறுவருடம் மழைக்காலத்தில், முன்கூட்டிச் சொல்லாமல், குழந்தையின் தாய் ஒரு கர்ப்பிணியைக் கைபிடித்து அழைத்து வந்தாள். துணிக்கடையில் பார்த்த அதே முகம். சிரிப்பு மட்டும் இல்லை. ஏழாம் மாதம். வழக்கமான ஸ்கேனில் குழந்தையின் இதயத்துக்குள் கட்டிகள் தெரிந்திருக்கின்றன. ஸ்கேன் பார்த்தவர், ‘குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு, கட்டி உண்டா’ என்று கேட்டிருக்கிறார். இவளுக்கு மாமாவின் குழந்தை ஞாபகம் வந்திருக்கிறது. அம்மாவுக்குப் போன் செய்யவில்லை, மாமிக்குச் செய்திருக்கிறாள்.

படங்களைப் பார்த்தேன். கட்டிகள் ரத்த ஓட்டத்தை மறிக்கவில்லை. இந்த வகைக் கட்டிகள் பிறந்த பிறகு பெரும்பாலும் தானே சுருங்கிவிடும், இதயத்தைப் பற்றி அதிகம் பயப்படவேண்டாம் என்றேன். அவள் உடனே பிடித்துக்கொண்டாள்.

“அப்ப எதைப் பத்திப் பயப்படணும்?”

சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“அன்னைக்குக் கடையில, ஒங்களுக்குத் தெரியுமா?”

“சந்தேகம் இருந்தது. அதனாலதான் வாங்கன்னு சொன்னேன்.”

“பருன்னு நெனச்சு நான் வரல. பயப்பட வேண்டியதுன்னு சொல்லியிருந்தா வந்திருப்பேன்.” கொஞ்ச நேரம் கையிலிருந்த படத்தையே பார்த்தாள். “கல்யாணம் வேண்டாம்னு சொல்லியிருக்க மாட்டேன். பிள்ளை வேண்டாம்னும் சொல்லியிருக்க மாட்டேன், தெரியாது. ஆனா எனக்குத் தெரிஞ்சிருக்கணும்லா டாக்டர்? எனக்க ஒடம்புல்லா இது?”

அனுமதி, விதி என்றெல்லாம் சொன்னேன். அவள் தலையசைத்தாள், ஒத்துக்கொண்டதற்கான தலையசைப்பு அல்ல.

அந்த நேரத்தில்தான் மைனி வந்தார். யாரோ சொல்லி ஆட்டோ பிடித்து ஓடிவந்திருக்கிறார். மழையில் நனைந்திருந்தார். கதவைத் திறந்ததும் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அம்மைக்குத் தெரியும், இல்லியா?”

“மக்கா...”

“மக்கான்னு விளிக்கண்டாம். தெரியுமா, தெரியாதா?”

அப்போது, இத்தனை மாதமும் அந்த அறையில் குரல் உயர்த்தாத குழந்தையின் தாய் பேசினாள். “எனக்க மாமன் ஆத்துல செத்தத எத்தன வாட்டி சொல்லிக் காட்டினிய மைனி. என் வீட்டுச் சோக்கேடு, எங்க ரத்தத்துல உள்ள வியாதின்னு கோயில் முத்தத்துல வச்சுச் சொன்னிய. ஒங்க காலுல இருக்குன்னு தெரிஞ்ச பொறவும் சொன்னிய.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “அது கெடக்கட்டு. இவகிட்ட எதுக்கு மறச்சிய?”

மைனி தரையில் உட்கார்ந்துவிட்டார். நாற்காலி காலியாக இருந்தும் தரையில்தான் உட்கார்ந்தார். பிறகு தானாகவே சொல்லத் தொடங்கினார். மகளுக்கு மூத்ததாக ஓர் ஆண் குழந்தை பிறந்து இறந்தது என்று மகளுக்குத் தெரியும், ஜன்னி வந்து இறந்தது என்றுதான் தெரியும். அந்தக் குழந்தையும் இப்படித்தான் கைகளைச் சேர்த்துத் தலை குனிந்தது. யாருக்கும் என்னவென்று புரியவில்லை. ஒருநாள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே குனிந்தது, பிறகு நிமிரவில்லை. பால் புரையேறிச் செத்தது, படுத்துக்கொண்டு பால் கொடுத்தாள், தாய்க்குக் கவனம் இல்லை என்று அவருடைய மாமியார் வீட்டில் சொன்னார்கள்.

“தம்பிக்க பிள்ளை கும்பிடுதத போன்ல கண்ட ஒடனே எனக்க பிள்ளைதான் ஞாபகம் வந்துது. அதான் ஆசுவத்திரிக்கு இழுத்துட்டு ஓடினேன். பொறவு தம்பிக்க காலக் கண்டேன். எனக்கும் அதுதான்னு விளங்கிட்டு. விளங்கினது ஒத்துக்க முடியல.” என்னைப் பார்த்தார். “டாக்டரே, அப்ப அவனுக்கும் இதுதானா?”

“பார்க்காம உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா அப்படித்தான் இருக்கணும்.”

“நான் பால் குடுத்ததுல இல்லியா?”

“இல்ல.”

அவர் அழவில்லை. மகள்தான் அழுதாள். ஆனால் அம்மாவிடம் போகவில்லை. மாமியின் தோளில் சாய்ந்து அழுதாள். மைனி தரையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் யாரையும் சமாதானப்படுத்த முயலவில்லை. வெளியே வேறு குழந்தைகளும் பெற்றோரும் காத்திருந்தார்கள். அவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு மூவருக்கும் டீ வரவழைத்தேன். மைனி மட்டும் குடித்தார்.

அதன்பின் மைனி பரிசோதனைக்கு ஒத்துக்கொண்டார். சிறுநீரகத்தில் பெரிய கட்டி ஒன்று இருந்தது, எந்த நேரத்திலும் ரத்தம் கசியக்கூடிய அளவில். அவரை வேறு மருத்துவரிடம் அனுப்பினேன், சிகிச்சை நடக்கிறது. மகள் அவரோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகவில்லை, மாமி வீட்டுக்குப் போனாள். ஊரில் அதைப் பற்றிப் பேச்சு வந்தது. அவள் கணவருக்கு விஷயம் தெரியும், அவளே சொன்னாள். அவர் பெற்றோருக்கு இதயத்தில் ஏதோ சின்னக் குறை என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறார்கள். இப்போது இவர்களும் மறைக்கிறார்கள்.

குழந்தை ஆண். நல்ல எடை, நல்ல அழுகை. இதயக் கட்டிகள் சுருங்கிக்கொண்டு வருகின்றன. தோலில் வெள்ளைத் திட்டுகள் இருக்கின்றன, மூளையில் கட்டிகளும் இருக்கின்றன. இந்தத் தடவை எங்களுக்கு முன்னாலேயே தெரியும் என்பதால், வலிப்பு வருவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்று மாதாமாதம் மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்து பார்க்கிறோம். குழந்தையின் தலையில் ஒயர்களை ஒட்டித் தூங்கவைத்துவிட்டு, அந்தப் பெண் திரையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

போன மாதம் வரை கோடுகள் ஒழுங்காக இருந்தன. இந்த மாதம் இரண்டு இடங்களில் துள்ளல் தெரிந்தது. வலிப்பு இன்னும் வரவில்லை. விட்டால் வரும்.

“மருந்து தொடங்கணும்” என்றேன்.

“எந்த மருந்து? மாமிக்க பிள்ளைக்குக் குடுத்ததா?”

“அதே.”

“கண்ணுக்குக் கெடுதல்னு சொன்னது?”

“கவனிச்சுப் பாத்துக்கலாம். கொடுக்காம விட்டா அதைவிடக் கெடுதல்.”

அவள் குழந்தையைத் தூக்கினாள். அது கண் விழித்து, பசை ஒட்டிய தலையோடு, அவள் முகத்தைப் பார்த்துப் பொக்கையாகச் சிரித்தது. அவள் அதை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

“சிரிக்குதே டாக்டர். மொகத்தப் பாத்துச் சிரிக்குதே. இதுக்கு எதுக்கு மருந்து?”

“சிரிச்சுக்கிட்டே இருக்கணும்னுதான்” என்றேன்.

அவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறகு எப்படிக் கரைப்பது, பாலுக்கு முன்னாலா பின்னாலா, வாந்தி எடுத்தால் திரும்பக் கொடுக்கலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.